தானே பதியும் நேரம்: தரவுத்தள அட்டவணைகளில் நேரமுத்திரை நெடுவரிசைகள்

ஓசூர் சிப்காட்டிலும், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை பரவியுள்ள தொழிற்பேட்டைகளிலும் இயங்கும் ஆலைகளில், மூலப்பொருள் உள்ளே வரும்போது எழுதப்படும் கேட் என்ட்ரி முதல் முடிந்த பொருள் லாரி ஏறும்போது அடிக்கப்படும் டெலிவரி சலான் வரை ஒவ்வொரு நிகழ்வும் ஏதோவொரு தரவுத்தள அட்டவணையில் ஒரு வரியாகச் சென்று சேர்கிறது. அந்த வரியில் பொருளின் பெயர், அளவு, அனுப்பியவர் போன்றவற்றை மனிதரோ ஸ்கேனரோ நிரப்ப, ஒன்றிரண்டு கட்டங்களை மட்டும் எவரும் தொடுவதில்லை. தரவுத்தள மென்பொருளே தன் கடிகாரத்தைப் பார்த்து அவற்றை நிரப்பிக்கொள்கிறது. வரி முதன்முதலாகச் சேரும் கணத்தையோ, பின்னர் அது திருத்தப்படும் கணத்தையோ இவ்வாறு தானாகக் குறித்துக்கொள்ளும் நெடுவரிசை, இந்த இயலில் நேரமுத்திரை நெடுவரிசை எனப்படுகிறது.

டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளில் இத்தகைய வேலைகளைக் கவனிக்கத் தனிப் பிரிவுகளே உண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் வார்ப்பாலைகள், லேத் பட்டறைகள், முலாம் பூசும் கூடங்கள் ஆகியவற்றில் நிலைமை வேறு. கணக்கு மென்பொருளையும் ஸ்டோர்ஸ் நிரலையும் சர்வரையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தகைய இடங்களில்தான் நேரமுத்திரை நெடுவரிசை, அது சொல்லாத ஒன்றைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு வரி தரவுத்தளத்தை வந்தடைந்த நேரம் என்பதற்கு மேல் அந்த நெடுவரிசைக்கு எதுவும் தெரியாது. சரக்கு வந்த நேரம், போல்ட் முறுக்கப்பட்ட நேரம், ஷிப்ட் முடிந்த நேரம் ஆகியவை வேறு உண்மைகள். அவற்றுக்கு வேறு நெடுவரிசைகள் வேண்டும். இனிச் சொல்லப்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் விளைபவையே.

இரு வகையும் ஒரு பழைய பொறியும்

தானாக நிரம்பும் நேரம் இரண்டு வகைப்படும். வரி சேரும்போது ஒருமுறை நிரம்பி அதன்பின் மாறாமல் இருப்பது முதல் வகை. வரி திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுவது இரண்டாம் வகை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் முதல் வகைக்கு ‘டீஃபால்ட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப்’ என்ற தொடரும், இரண்டாம் வகைக்கு அதனோடு ‘ஆன் அப்டேட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப்’ என்ற தொடரும் நெடுவரிசை அறிவிப்பில் எழுதப்படுகின்றன. 5.6.5 பதிப்புக்கு முன்பு ஓர் அட்டவணையில் ஒரே ஒரு டைம்ஸ்டாம்ப் நெடுவரிசைக்கு மட்டுமே இந்த வசதி கிடைத்தது. நேரத்தைச் சேமிக்கும் மற்றொரு தரவு வகையான டேட்டைமுக்கு அறவே இல்லை. எனவே அக்காலத்து நிரலாளர்கள் சேர்ந்த நேரத்தைத் தானியங்கியாக வைத்துக்கொண்டு, திருத்திய நேரத்தை நிரலின் வழியே எழுதினர், அல்லது இதைத் தலைகீழாகச் செய்தனர். இன்றும் இப்பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டோர்ஸ் நிரல்களில் இந்த அமைப்பைக் காணலாம்.

அந்தக் காலத்தின் மற்றொரு வழக்கம் உதவியைவிட உபத்திரவமே அதிகம் செய்தது. டைம்ஸ்டாம்ப் வகையில் முதலாவதாக வரும் நெடுவரிசைக்கு இயல்பு மதிப்பு (டீஃபால்ட்) எதுவும் குறிப்பிடாமல் விட்டால், மைஎஸ்கியூஎல் தானாகவே மேற்சொன்ன இரண்டு தொடர்களையும் அதற்குச் சேர்த்துவிடும். 8.0 பதிப்பில் இந்த வழக்கம் இயல்பாக நிறுத்தப்பட்டது; அதன் உடன்பிறப்பான மரியாடிபியில் 10.10 பதிப்பில்தான் நிறுத்தப்பட்டது. ஆகவே, சிறு ஆலைகளில் ஸாம்ப் தொகுப்போடு நிறுவப்பட்டிருக்கும் மரியாடிபி 10.4 போன்ற பதிப்புகளில் இந்தப் பொறி இன்னும் விரித்தபடியே இருக்கிறது.

அது செய்யும் வேலையை ஒரு வரியின் வரலாற்றைக் கொண்டு விளக்கலாம். ஓர் உதிரிபாக ஆலையின் சரக்கு வரவு அட்டவணையில் ‘வந்த நேரம்’ என்ற நெடுவரிசை வெறும் டைம்ஸ்டாம்ப் என்று மட்டும் அறிவிக்கப்பட்டிருக்கிறது எனக் கொள்க. கோயம்புத்தூரிலிருந்து 500 வார்ப்புகளை ஏற்றிய லாரி 4ஆம் தேதி இரவு 11.40க்குக் கேட்டுக்குள் வருகிறது. வரியும் அப்போதே சரியாகப் பதிகிறது. 6ஆம் தேதி காலை 10.15க்குத் தரப் பரிசோதனைப் பிரிவினர் அதே வரியைத் திறந்து, ஏற்கப்பட்டவை 480 என்று எழுதிச் சேமிக்கின்றனர். வந்த நேரத்தை எவரும் தொடவில்லை. ஆனால் அது 6ஆம் தேதி காலை 10.15 ஆகிவிட்டது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் வரம்பு விதிக்கிறது. காலம் கடந்தும் ஆண்டிறுதி வரை தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2023–24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதியும் சொல்கிறது. அந்த நாள்கணக்கு பொதுவாகப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குவதால், இரண்டு நாள் நகர்ந்த ஒரு நேரமுத்திரை கணக்குப் பிரிவையும் சேர்த்து வழிதவறச் செய்கிறது.

இதைத் தவிர்க்க, எந்த நேர நெடுவரிசையையும் இயல்பு மதிப்பைப் பற்றி வாய்திறக்காமல் அறிவிக்கக் கூடாது. தானாக நிரம்ப வேண்டும் என்றால் அதை எழுதிவிட வேண்டும். நிரம்பக் கூடாது என்றால் அதையும் எழுதிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் ஐயம் எழுந்தால், ‘ஷோ கிரியேட் டேபிள்’ கட்டளை அந்த நெடுவரிசைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதை அப்படியே காட்டிவிடும்.

மேலும் இரண்டு நுட்பங்களை நினைவில் வைத்தல் நலம். ஒரு கட்டளை வரியில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே மீண்டும் எழுதினால் மைஎஸ்கியூஎல் அதைத் திருத்தமாகக் கருதுவதில்லை. திருத்திய நேரமும் மாறாது. அடுத்து, இயல்பு மதிப்பு என்பது மதிப்பு எதுவும் தரப்படாதபோது மட்டுமே செயல்படுவது. நிரல் தானாக ஒரு நேரத்தை அனுப்பினால் தரவுத்தளம் அதை மறுப்பின்றி ஏற்கும். சேர்ந்த நேரத்தை எவரும் மாற்ற முடியாதபடி காக்க வேண்டுமெனில், நிரலின் பயனர் கணக்குக்கு அந்த நெடுவரிசையில் எழுதும் உரிமையை நீக்க வேண்டும், அல்லது வரி சேருமுன்னும் திருத்தப்படுமுன்னும் தானே இயங்கும் டிரிக்கர் என்னும் சிறு நிரலைக் கொண்டு வெளியிலிருந்து வரும் மதிப்பைப் புறக்கணிக்க வேண்டும்.

பிற தரவுத்தளங்களின் போக்கு

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘ஆன் அப்டேட்’ என்ற வசதியே கிடையாது. சேர்ந்த நேரத்துக்கு ‘டீஃபால்ட் நௌ()’ போதும். திருத்திய நேரத்துக்கு ஒரு டிரிக்கர் எழுதியாக வேண்டும். முதற்பார்வைக்கு இது கூடுதல் சுமையாகத் தோன்றினாலும், எந்த நெடுவரிசை மாறினால் நேரம் மாற வேண்டும் என்பதை அந்த டிரிக்கரிலேயே வரையறுக்க முடிவதால், நாளடைவில் இதுவே மேலான ஏற்பாடு என்பது புலப்படும். இங்கு ஒரு சிறு எச்சரிக்கை தேவை. நௌ என்பதை அடைப்புக்குறியோடு கூடிய செயற்கூறாக எழுதாமல் மேற்கோள் குறிகளுக்குள் சொல்லாக எழுதிவிட்டால், அட்டவணை உருவான கணமே இயல்பு மதிப்பாக உறைந்துவிடும். அதன்பின் சேரும் எல்லா வரிகளும் அந்த ஒரே நேரத்தைக் காட்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் டைம்ஸ்டாம்ப் என்ற பெயருடைய தரவு வகைக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. அது வரி மாறும்போதெல்லாம் கூடிச் செல்லும் 8 பைட் எண். அதன் இன்றைய பெயர் ரோவெர்ஷன். நேரம் வேண்டுவோர் டேட்டைம்2 வகையில் ஒரு நெடுவரிசை வைத்து, சிஸ்யுடிசிடேட்டைம் செயற்கூற்றை இயல்பு மதிப்பாக்க வேண்டும். பழைய டேட்டைம் வகை ஒரு நொடியின் ஆயிரத்தில் 0, 3, 7 என்று முடியும் மதிப்புகளுக்கே நேரத்தை முழுதாக்குவதால், வேகமான இயந்திரப் பதிவுகளுக்கு அது ஏற்றதன்று. கைபேசிச் செயலிகளும் சிறு எடைமேடை நிரல்களும் விரும்பிப் பயன்படுத்தும் எஸ்கியூலைட்டில் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் எப்போதும் உலகப் பொதுநேரத்தையே தரும். ஆரக்கிளில் சிஸ்டேட் சர்வரின் நேரத்தையும் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் இணைப்பின் நேர மண்டலத்தையும் பின்பற்றுவதால், ஒரே அட்டவணையில் இரண்டையும் கலந்து பயன்படுத்தக் கூடாது.

ஐந்தரை மணியும் ஆறு மணியும்

யுடிசி என்று சுருக்கமாக வழங்கும் உலகப் பொதுநேரத்துக்கு இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆலைக்குள்ளேயே சர்வர் இருந்த காலத்தில் அது பெரும்பாலும் இந்திய நேரத்தில்தான் ஓடியது. இன்று தரவுத்தளம் மும்பையிலுள்ள மேகக் கணினி மையத்திலோ, டாக்கர் பெட்டிக்குள்ளோ ஓடுகிறது. இவை இரண்டும் வேறு ஏற்பாடு செய்யாதவரை யுடிசியையே பின்பற்றுகின்றன.

மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகையும் நேரத்தை உள்ளே யுடிசியாகவே வைத்துக்கொண்டு, கேட்பவரின் இணைப்புக்கு அமைக்கப்பட்ட நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுகின்றன. மைஎஸ்கியூஎல்லின் டேட்டைம் வகையோ எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும். அது எந்த மண்டலத்தின் நேரம் என்பது அதற்குத் தெரியாது. எனவே சர்வர் யுடிசியில் ஓடும்போது டேட்டைம் நெடுவரிசைக்குக் கரண்ட்_டைம்ஸ்டாம்பை இயல்பு மதிப்பாக வைத்தால், யுடிசி நேரம் இந்திய நேரம்போல் வேடமிட்டு அமர்ந்துகொள்ளும்.

இந்தப் பிழை ஆலைகளில் நெடுநாள் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் காலை 6 வரை என மூன்று ஷிப்ட்டுகள் ஓடும் ஆலையில், உற்பத்தி நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. யுடிசியில் தேதி மாறும் நேரமோ இந்தியாவில் காலை 5.30. ஆகவே யுடிசி தேதியின்படி உற்பத்தியைக் கூட்டினால், நைட் ஷிப்ட்டின் கடைசி அரை மணி நேரம் மட்டும் அடுத்த நாளின் கணக்கில் சேர்கிறது. ஒவ்வொரு நாளும் முன்பக்கத்தில் அரை மணி கூடிப் பின்பக்கத்தில் அரை மணி குறைவதால் மொத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. அறிக்கையைப் பார்க்கும் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. சர்வர் இந்திய நேரத்தில் ஓடி, நாள்காட்டித் தேதிப்படி கூட்டியிருந்தால் நள்ளிரவுக்குப் பிந்தைய 6 மணி நேரம் முழுவதும் இடம் மாறியிருக்கும். அதை ஷிப்ட் சூப்பர்வைசர் முதல் நாளே பிடித்திருப்பார். தவறான அமைப்பு சரியான விடைக்கு மிக அருகில் வந்து நிற்பதுதான் இங்குள்ள இடர்.

அதைக் காட்டிக்கொடுப்பது வார விடுமுறை. சனிக்கிழமை நைட் ஷிப்ட் ஞாயிறு காலை 6 மணிக்கு முடியும். அந்தக் கடைசி அரை மணியில் செய்யப்பட்ட பொருள்கள், ஆலை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையின் உற்பத்தியாக அறிக்கையில் தோன்றும். விடுமுறை நாளில் சிறிய எண்ணிக்கையில் உற்பத்தி காட்டும் அறிக்கை எதுவாயினும், அதன் வரிகளின் நேரம் இந்திய நேரப்படி காலை 5.30க்கும் 6க்கும் இடையில் குவிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கான தீர்வு சேமிப்பையும் காட்சியையும் பிரிப்பதாகும். சேமிப்பது யுடிசியில் இருக்கட்டும். காட்டும்போதும் கூட்டும்போதும் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ‘ஆசியா/கொல்கத்தா’ போன்ற பெயர்களைப் பயன்படுத்த நேர மண்டல அட்டவணைகளை முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் நேரத்தை மாற்றும் செயற்கூறு பிழை எதுவும் சொல்லாமல் வெற்று மதிப்பைத் தரும். இந்தியாவில் கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் வழக்கம் இல்லாததால் ‘+05:30’ என்று எண்ணாகவே கொடுப்பதும் பாதுகாப்பானது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு அனுப்பும் சரக்கு அறிவிப்புகளுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் நகர்வதால் மண்டலத்தின் பெயரையே பயன்படுத்த வேண்டும்.

உற்பத்தித் தேதியை ஒவ்வோர் அறிக்கையிலும் தனித்தனியே கணக்கிடுவதைவிட அதற்கென ஒரு நெடுவரிசை வைப்பது சிறந்தது. இந்திய நேரத்திலிருந்து 6 மணி நேரத்தைக் கழித்துத் தேதியை மட்டும் எடுத்தால் உற்பத்தித் தேதி கிடைத்துவிடும், மைஎஸ்கியூஎல் 5.7 முதலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 முதலும் இத்தகைய வாய்பாட்டைக் கணக்கிட்டுச் சேமிக்கும் நெடுவரிசையாகவே அறிவிக்கலாம். எனினும் ஷிப்ட் நேரம் என்றும் மாறாது என்ற உறுதி இருந்தால்தான் இது பொருந்தும். பேருந்து வசதிக்காகவோ புதிய ஊதிய ஒப்பந்தத்தாலோ ஷிப்ட் தொடக்கம் 6.30க்கு நகர்ந்து, வாய்பாட்டையும் அதற்கேற்ப மாற்றினால், கடந்த ஆண்டுகளின் உற்பத்தித் தேதிகளும் சேர்ந்து மாறிவிடும். எனவே எந்த நாள் முதல் எந்த ஷிப்ட் எப்போது தொடங்குகிறது என்பதைத் தனி அட்டவணையில் வைத்து, வரி சேரும்போதே தேதியையும் ஷிப்ட்டையும் எழுதிவிடுவது உழைப்பு கூடினாலும் நிலைத்து நிற்கும் முறையாகும்.

நிகழ்ந்த நேரமும் பதிந்த நேரமும்

இயந்திரங்களிலிருந்து தரவைத் திரட்டும் சிறு கணினி, சர்வரோடு இணைப்பு அறுந்தால், பதிவுகளைத் தன்னிடமே தேக்கி வைத்து, இணைப்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்புகிறது. மின்தடையால் 40 நிமிடம் வலையமைப்பு நின்றிருந்த ஒரு நைட் ஷிப்ட்டில், அந்த 40 நிமிடத்தின் பதிவுகள் அனைத்தும் ஓரிரு நொடிகளில் தரவுத்தளத்தில் விழும். சேர்ந்த நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இயந்திரம் நெடுநேரம் நின்றுவிட்டுப் பின்னர் நம்ப முடியாத வேகத்தில் ஓடியதாகத் தோன்றும். ஆகவே அத்தகைய அட்டவணைகளில் கருவி அனுப்பும் ‘நிகழ்ந்த நேரம்’, தரவுத்தளம் நிரப்பும் ‘பதிந்த நேரம்’ ஆகிய இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டும் இருந்தால் அவற்றின் இடைவெளியே ஒரு பரிசோதனைக் கருவியாகிறது. இடைவெளி வழக்கமாக ஓரிரு நொடியாக இருப்பது நலம். திடீரென்று பல வரிகளில் அது நீண்டு படிப்படியாகக் குறைந்தால் இணைப்பு அறுந்து மீண்டது என்று கொள்ளலாம். பதிந்த நேரத்துக்குப் பிந்தியதாக நிகழ்ந்த நேரம் வந்தால் கருவியின் கடிகாரம் முந்தி ஓடுகிறது. இடைவெளி சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் நேர மண்டலக் குழப்பமே தவிர வேறொன்றும் இல்லை. நிகழ்ந்த நேரம் 1970 ஜனவரியைக் காட்டினால், கருவியின் உள்பேட்டரி தீர்ந்து கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஏற்பாடு ஆலைக்குள் முறையாக இல்லையென்றால் இந்த ஒப்பீடு பயன்படாது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். சர்வர்களுக்கு இதைச் செய்துவிட்டு, இயந்திரத்தோரம் உள்ள கணினிகளையும் எடைமேடைக் கணினியையும் விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் குறை.

பதிந்த நேரம் பரிவர்த்தனையையும் பொறுத்தது. பரிவர்த்தனை என்பது முழுதாக நிறைவேறவோ முழுதாகக் கைவிடப்படவோ வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் நௌ() அந்தத் தொகுப்பு தொடங்கிய நேரத்தையே இறுதிவரை தரும். உள்ளே 500 வரிகள் சேர்ந்தாலும் அனைத்துக்கும் ஒரே முத்திரைதான். கணத்துக்குக் கணம் மாறும் நேரம் வேண்டுமெனில் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() பயன்படும். மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக நொடியின் பின்னங்கள் சேமிக்கப்படுவதில்லை. நெடுவரிசையிலும் இயல்பு மதிப்பிலும் 6 என்ற துல்லியத்தைக் குறித்தால் மைக்ரோநொடி வரை கிடைக்கும். எவ்வளவு துல்லியமானாலும் நேரமுத்திரை ஒரு வரியின் அடையாள எண்ணாகாது. முறுக்குக் கருவிகள் இரண்டு ஒரே கணத்தில் பதிவு அனுப்பக்கூடும்.

சட்டம் கேட்கும் நேரம்

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியே கர்நாடகத்துக்குள் செல்லும் சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்வதாகும். அதன் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் பொதுவாக இ-வே பில் வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லுபடி. அந்த முதல் நாள், பில் உருவான தேதிக்கு அடுத்த தேதியின் நள்ளிரவில் முடிகிறது. 4ஆம் தேதி இரவு 11.50க்கு உருவான பில்லின் முதல் நாள் 5ஆம் தேதி முடியும்போது முடியும்; 5ஆம் தேதி அதிகாலை 12.10க்கு உருவானதன் முதல் நாள் 6ஆம் தேதி முடியும்போது முடியும். யுடிசியில் இவை முறையே 18.20, 18.40, இரண்டும் 4ஆம் தேதியே. செல்லுபடியை யுடிசித் தேதியிலிருந்து கணக்கிடும் நிரல் இரண்டாவது பில்லுக்கு ஒரு நாளைக் குறைத்துச் சொல்லும். பில் உருவான நேரமாக அரசின் தளம் திருப்பி அனுப்பும் நேரத்தையே சேமிக்க வேண்டும். அந்தப் பதிலைப் பெற்ற வரி தரவுத்தளத்தில் சேர்ந்த நேரத்தை அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது.

ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற மைய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவும் இவ்வாறே. அங்கே கணக்கு அனுப்பிய நாளிலிருந்து தொடங்குகிறது, சலானைக் கணினியில் ஏற்றிய நாளிலிருந்து அன்று.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும் என்றும், அந்தப் பதிவை நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்றும் விதி நடைமுறையில் உள்ளது. திருத்திய நேர நெடுவரிசை ஒன்று இருப்பதால் இந்த விதி நிறைவேறிவிட்டது என்று கருதுவது தவறு. அது கடைசித் திருத்தத்தின் நேரத்தை மட்டுமே காட்டும். அதற்கு முந்தைய மதிப்பும் முந்தைய நேரமும் அழிந்துவிடும். பழைய வரிகளை வரலாற்று அட்டவணைக்கு நகர்த்தும் ஏற்பாடு இங்கு தேவை. எஸ்கியூஎல் சர்வர் 2016 முதலும் மரியாடிபி 10.3 முதலும் இதைத் தாமாகவே செய்யும் அட்டவணை வகையைத் தருகின்றன. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவற்றில் டிரிக்கர் எழுத வேண்டும்.

பழைய அட்டவணையில் புதிய நெடுவரிசை

ஆண்டுக்கணக்கில் ஓடிய அட்டவணையில் சேர்ந்த நேரத்துக்கான நெடுவரிசையை இயல்பு மதிப்போடு புதிதாகச் சேர்த்தால், பழைய வரிகள் அனைத்தும் நெடுவரிசை சேர்க்கப்பட்ட கணத்தையே தம் பிறந்த நேரமாகக் காட்டும். முதலில் வெற்று மதிப்பை ஏற்கும் நெடுவரிசையாகச் சேர்த்து, அதன்பின் தனிக் கட்டளையால் இயல்பு மதிப்பை அமைப்பதே முறை. தெரியாத நேரம் வெற்றாகவே இருக்கட்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு விபத்து நேர்வதுண்டு. பொருள் குறியீடுகளை மாற்றியமைக்க ஒரே கட்டளையில் பல ஆயிரம் வரிகளைத் திருத்தினால், அவை அனைத்தின் திருத்திய நேரமும் இன்றைய நேரமாகிவிடும். மைஎஸ்கியூஎல்லில் அதே கட்டளையில் திருத்திய நேரத்துக்கு அதன் பழைய மதிப்பையே ஒதுக்கினால் அது மாறாமல் நிற்கும். பேக்கப்பைப் பொறுத்தவரை, மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி டைம்ஸ்டாம்ப் மதிப்புகளை யுடிசியாக மாற்றியே எழுதுவதால் அவை எந்த மண்டலத்து சர்வருக்குச் சென்றாலும் பிழைபடா; டேட்டைம் மதிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு முடிகிறது. தானாகப் பதியும் நேரத்துக்கு அது தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். எதிர்காலத் தேதிகளை இதே வகையில் வைத்தவர்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மின் ஸ்கூட்டரின் பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் தந்தால், 2030 பிப்ரவரியில் விற்கப்படும் வண்டியின் உத்தரவாத முடிவு இந்த எல்லையைக் கடந்துவிடும். அத்தகைய தேதிகளுக்கு டேட்டைம் அல்லது டேட் வகையே உரியது. மரியாடிபி 11.5 பதிப்பு 64 பிட் கணினிகளில் இந்த எல்லையை 2106 வரை தள்ளியிருக்கிறது.

மாறிய வரிகளை மட்டும் எடுத்தல்

ஓசூர் ஆலையின் தரவைப் பெங்களூரிலுள்ள தலைமை அலுவலகத்துக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும் நிரல்கள், பெரும்பாலும் ‘கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் திருத்தப்பட்ட வரிகள்’ என்ற நிபந்தனையையே நம்புகின்றன. இதற்காகத் திருத்திய நேரத்துக்கு இண்டெக்ஸ் அமைப்பது பயன் தரும். ஆனால் இந்த நிபந்தனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 500 வரிகளை எழுதும் ஒரு பரிவர்த்தனை 10.00.00க்குத் தொடங்கி 10.00.40க்கு நிறைவேறுகிறது என்றும், அனுப்பும் நிரல் 10.00.30க்கு ஓடி, அதுவரை கண்ணில் பட்ட கடைசி நேரமாக 10.00.29ஐக் குறித்துக்கொள்கிறது என்றும் கொள்க. அந்த 500 வரிகளின் முத்திரை 10.00.00, நிரல் ஓடிய கணத்தில் அவை நிறைவேறாததால் அதற்குத் தெரியவில்லை. அடுத்த முறை அது 10.00.29க்குப் பிந்தியவற்றை மட்டும் கேட்கும். 500 வரிகளும் பெங்களூருக்குச் செல்லாமலேயே நின்றுவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. மாத இறுதியில் இரு இடத்து இருப்பும் ஒத்துவராதபோதுதான் தேடல் தொடங்கும்.

நடைமுறைக்கு ஏற்ற மருந்து, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பின்னோக்கிச் சென்று எடுப்பதும், ஏற்கெனவே சென்ற வரி மீண்டும் சென்றால் அதன் அடையாள எண்ணைக் கொண்டு மேலெழுதச் செய்வதும் ஆகும். பின்னோக்கிச் செல்லும் அளவு, அந்த ஆலையில் மிக நீண்ட நேரம் ஓடும் பரிவர்த்தனையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். மாத இறுதி இருப்புச் சரிபார்ப்பு போன்ற கனத்த வேலைகளை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் ரோவெர்ஷன் எண்ணையும், இன்னும் நிறைவேறாத பரிவர்த்தனைகளில் மிகக் குறைந்த எண்ணைத் தரும் செயற்கூற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நேரத்தை நம்ப வேண்டிய தேவையே எழாது.

அழிக்கப்பட்ட வரிகளுக்கு எந்த நேரமுத்திரையும் இருப்பதில்லை. வரியோடு அதுவும் போய்விடுகிறது. ஆகவே வேறிடத்துக்கு அனுப்பப்படும் அட்டவணைகளில் வரிகளை அழிக்காமல், ‘நீக்கிய நேரம்’ என்ற நெடுவரிசையை நிரப்பி அவற்றைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அந்த நெடுவரிசைக்கு இயல்பு மதிப்பு வைக்கக் கூடாது. அது வெற்றாக இருப்பதே அந்த வரி உயிரோடிருப்பதன் அடையாளம்.